பாலஸ்தீன நாடகம் போடப்போகும் பிள்ளைகளுக்கு



நம் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஒரு கல்லூரியில் நாடக மன்றத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாள். பாலஸ்தீன மக்களின் வாழ்க்கையை வைத்து முக்கால் மணி நேர நாடகம் போட வேண்டும் என்று அவளுடைய மாணவிகளே கேட்டிருக்கிறார்கள். “ஐயா, எந்தப் பாணியில் போடுவது? யதார்த்தமாகவா, தெருநாடகமாகவா, கூத்து மாதிரியா?” என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். அவளுக்கு மட்டும் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்களில் பலர் பள்ளிகளில் பிள்ளைகளை மேடை ஏற்றுகிறவர்கள். மற்றவர்கள் பார்வையாளர்களாகப் போய் உட்காருகிறவர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் நிற்கும் பாலஸ்தீனர் யார் என்பதைத் தீர்மானிப்பது நாம் எடுக்கும் பாணிதான். ஒரு பாணியில் அவர் கடைசிவரை அழுதுகொண்டே இருப்பார். இன்னொன்றில் சாட்சி சொல்வார். வேறொன்றில் கதை சொல்லுவார், கேலி பேசுவார், தன் சொந்த ஆட்களோடே சண்டை போடுவார். அவரைப் பரிதாபத்துக்கு உரியவராக மட்டும் காட்டுகிற பாணியை எடுக்காதீர்கள். மற்றபடி எதை எடுத்தாலும் வழி இருக்கிறது.

முதலில் யதார்த்தப் பாணி. பிள்ளைகளுக்கு உடனே தோன்றுவது இதுதான். இடிந்த வீடு, புகை, ஒலிபெருக்கியில் குண்டுச் சத்தம், வெள்ளைத் துணி சுற்றிய பொம்மையை மடியில் வைத்துக் கதறும் தாய். வேண்டாம் என்பேன். இதையெல்லாம் நாம் ஒவ்வொருவரும் கைப்பேசியில் நிஜமாகவே பார்த்துவிட்டோம். காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே கொல்லப்பட்டவர்கள் 60,000க்கும் மேல். அந்த நிஜத்துக்கு முன்னால் அட்டையில் செய்த இடிபாடு விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். பார்ப்பவர் கண் கலங்குவார், உண்மைதான். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அந்தத் தாயின் பெயர்கூட அவருக்கு நினைவில் இருக்காது. ஏனென்றால் நாம் அவளுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டோம்.

யதார்த்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போர்க்களத்தை விட்டுவிட்டு ஒரு வரவேற்பறையை யதார்த்தமாகக் காட்டுங்கள். கஸ்ஸான் கனஃபானி 1969இல் எழுதிய ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ என்ற குறுநாவல் இதற்கு நல்ல உதாரணம். 1948 ஏப்ரலில் ஹைஃபா நகரம் வீழும்போது சயீத், சஃபிய்யா என்ற தம்பதி கூட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. 1967 போருக்குப் பிறகு எல்லை திறந்ததும் இருவரும் தங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். ஐரோப்பாவில் நாஜிகளிடம் உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு வந்த மிரியம் என்ற யூதப் பெண் அங்கே வாழ்கிறாள். அவர்களுடைய மகனை அவள்தான் வளர்த்திருக்கிறாள். அவன் இப்போது இஸ்ரேல் ராணுவ உடையில் வந்து நிற்கிறான். அறையில் ஒரு ஜாடியில் மயிலிறகுகள் இருக்கின்றன. சயீத் எண்ணிப் பார்க்கிறார். ஏழு இருந்த இடத்தில் ஐந்துதான் இருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று கேட்கிறார். இருபது ஆண்டு இழப்பும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடுகிறது. குண்டுச் சத்தம் எதற்கு?

நயோமி வாலஸும் இஸ்மாயில் காலிதியும் இந்தக் கதையை நாடகமாக்கினார்கள். அது 2018இல் லண்டன் ஃபின்பரோ அரங்கில் மேடையேறியது. நான்கு நாற்காலியும் ஒரு ஜாடியும் இருந்தால் நம் பிள்ளைகளாலும் இப்படி ஓர் அறைக் காட்சியைச் செய்ய முடியும்.

அடுத்தது சாட்சிப் பாணி. உண்மையான மனிதர்கள் சொன்னதை, எழுதியதை அப்படியே மேடையில் பேசுவது. 2008 டிசம்பரில் தொடங்கி 2009 ஜனவரியில் முடிந்த காஸா போருக்குப் பிறகு, ரமல்லாவின் அஷ்தார் நாடகக் குழு காஸாவின் இளம் பிள்ளைகளோடு வேலை செய்து, அவர்கள் வாயாலேயே சொன்ன தனிமொழிகளைத் தொகுத்தது. ‘காஸா தனிமொழிகள்’ என்ற பெயரில் 2010இல் பல நாடுகளில் இளைஞர்கள் அவற்றை மேடையில் பேசினார்கள். 2023 நவம்பர் 29ஆம் நாள், பாலஸ்தீன மக்களுக்கான ஒருமைப்பாட்டு நாளில், மறுபடியும் உலகமெங்கும் வாசியுங்கள் என்று அஷ்தார் கேட்டுக்கொண்டது. பல ஊர்களில் வாசித்தார்கள்.

இந்தப் பாணிக்குச் செலவே இல்லை. ஒரு நாற்காலியும் ஒரு குரலும் போதும். நாமாக எதையும் திரித்துவிட மாட்டோம் என்ற நிம்மதியும் உண்டு. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. பத்துப் பேர் வரிசையாக வந்து பத்துச் சோகங்களைச் சொன்னால், நான்காவது ஆளிலேயே கேட்பவர் மனம் மரத்துவிடும். அதனால் ஆசிரியராக ஒரே ஒரு கட்டளை போடுங்கள்: பேசுகிற பிள்ளை அழக் கூடாது. தன்னுடையதல்லாத கண்ணீரை அவள் வரவழைக்க வேண்டாம். இன்னொருவரின் கடிதத்தை உரக்கப் படிக்கிறோம் என்ற பணிவோடு நிறுத்தி நிதானமாகச் சொல்லட்டும். அழுவதா வேண்டாமா என்பதைக் கேட்கிறவர் பார்த்துக்கொள்வார்.

இதே பாணியில் வெளிநாட்டவர் செய்தவையும் உண்டு. 2003இல் ராஃபாவில் ராணுவப் புல்டோசரின் முன் நின்று உயிர்விட்ட அமெரிக்க இளம்பெண் ரேச்சல் கோரியின் நாட்குறிப்புகளையும் மின்னஞ்சல்களையும் வைத்து, 2005இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ‘என் பெயர் ரேச்சல் கோரி’ வந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் மேடையேற இருந்தபோது அந்த அரங்கம் தள்ளிவைத்து, பெரிய சர்ச்சையானது. நல்ல நாடகம். ஆனாலும் அதில் பாலஸ்தீனரை நாம் ஓர் அமெரிக்கப் பெண்ணின் கண் வழியாகவே பார்க்கிறோம். டேவிட் ஹேர் 1998இல் தானே எழுதித் தானே நடித்த ‘வியா டோலரோசா’வும் ஒரு வெளியாளின் பயணக் கதைதான். வெளியாளாக இருப்பது குற்றமில்லை. நாமும் வெளியாட்கள்தானே? அதை மறைக்காமல் இருந்தால் போதும். “நாங்கள் அங்கே போனதில்லை. படித்ததையும் கேட்டதையும் சொல்கிறோம்” என்று ஒரு மாணவி முதலில் வந்து சொல்லிவிட்டால் நாடகத்தின் நேர்மை கூடும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்த பாணி. அரபு நாடுகளின் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து அந்தர் போன்ற வீரர்களின் கதைகளை இரவிரவாகச் சொல்லும் கதைசொல்லிக்கு ‘ஹகவாத்தி’ என்று பெயர். 1977இல் ஃபிரான்ஸ்வா அபு சலேம் முதலானோர் ஜெருசலேமில் தொடங்கிய குழு அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. கிழக்கு ஜெருசலேமில் தீயில் எரிந்து பாழாய்க் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையை எடுத்துச் சீர்செய்து, 1984இல் தங்கள் அரங்கமாகத் திறந்தார்கள். இன்று பாலஸ்தீன தேசிய அரங்கம் என்று அழைக்கப்படுவது அதுதான். 1987இல் அவர்கள் போட்ட ‘கஃபர் ஷம்மாவின் கதை’, சிதறிப்போன ஒரு கிராமத்தின் மக்களைத் தேடி அலையும் கதை. 1948இல் வெளியேறியவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். வெறுமையான ஊர்கள் நானூறுக்கும் மேல். இவ்வளவு ஊர்களையும் எந்த மேடையில் காட்ட முடியும்? கதைசொல்லியால் முடியும். “இங்கே ஒரு கிணறு இருந்தது” என்று அவர் கையை நீட்டினால் கிணறு வந்துவிடும்.

கவிஞர் தாஹா முகம்மது அலி சஃபூரியா என்ற ஊரில் பிறந்து, 1948இல் சிறுவனாக அகதியாகி, பின்னர் நாசரேத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருட்கள் விற்கும் கடை வைத்துப் பிழைத்தவர். அவர் வாழ்க்கையை ஆமிர் ஹ்லேஹெல் ‘தாஹா’ என்ற பெயரில் தனிநடிப்பாக எழுதி நடித்தார். ஒரே ஆள்தான் மகனாகவும் அப்பாவாகவும் காதலனாகவும் கடைக்காரனாகவும் மாறுகிறார். கதைசொல்லும் பாணியின் பலம் இதுதான். இழப்பைச் சொல்பவர் அந்த இழப்புக்கு அடியில் நசுங்கிக் கிடக்கவில்லை. எழுந்து நின்று, எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று அவரே முடிவு செய்கிறார்.

நான்காவது, சிரிப்பு. “குழந்தைகள் சாகும்போது நகைச்சுவையா ஐயா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிரித்துக் காட்டியவர்கள் பாலஸ்தீனர்களே என்பதை மறக்க வேண்டாம். எமில் ஹபீபி 1974இல் எழுதிய நாவலின் நாயகன் சயீத் ஓர் அப்பாவி அசடு. நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் உள்ள இரண்டு அரபுச் சொற்களை ஒட்டவைத்து அவனுக்கு ஒரு புதுப் பட்டப்பெயரையே செய்தார் ஹபீபி. நடிகர் முகம்மது பக்ரி 1986 முதல் அதைத் தனிநடிப்பாகப் பல ஆண்டுகள் நடித்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இஸ்ரேல் 1950இல் ‘இல்லாதவர் சொத்துச் சட்டம்’ கொண்டுவந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் நிலமும் வீடும் அரசின் பொறுப்புக்குப் போயின. சிலர் நாட்டைவிட்டுப் போகவில்லை. பக்கத்து ஊரில்தான் ஒதுங்கியிருந்தார்கள், குடியுரிமையும் பெற்றார்கள். ஆனாலும் சொத்து விஷயத்தில் அவர்கள் ‘இல்லாதவர்கள்’. இவர்களுக்கு ‘இருந்தும் இல்லாதவர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேடையில் ஒரு மேசை போடுங்கள். அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒருவர் நிற்கிறார். “பெயர்?” சொல்கிறார. “வந்திருக்கிறாரா?” “நான்தான் ஐயா.” அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதுகிறார். இதை எழுத அபத்த நாடக ஆசிரியர் யாரும் வேண்டாம், சட்டமே எழுதிவிட்டது. பார்வையாளர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் தொண்டையில் நிற்கும்.

ஐந்தாவது, உருவகப் பாணி. மேற்குக் கரையில் ஜெனின் அகதி முகாமில் 2006இல் தொடங்கிய ‘சுதந்திர அரங்கம்’, ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை 2009இல் போட்டது. விடுதலை பேசிய பன்றிகளே புதிய முதலாளிகள் ஆகும் கதை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது யாரைக் குத்துகிறது என்று புரிந்தது. தங்கள் தலைவர்களைத் தாங்களே கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதை மேடையில் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு விலையும் இருந்தது. அந்த அரங்கின் இயக்குநர் ஜூலியானோ மெர்-காமிஸ் 2011 ஏப்ரல் 4 அன்று அரங்கத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாய் யூதர், தந்தை பாலஸ்தீனக் கிறித்தவர். 2023 டிசம்பரில் இஸ்ரேல் ராணுவம் அதே அரங்கத்தில் புகுந்து சூறையாடி, அதன் கலை இயக்குநரையும் பொது மேலாளரையும் பிடித்துச் சென்றது. நமக்கு நாடகம் ஆண்டு விழா வேலை. அங்கே அது உயிரோடு விளையாடும் வேலை. பாணியைப் பற்றி அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆறாவது, பார்வையாளரையே மேடைக்கு அழைக்கும் விவாத அரங்கு. பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கியது. நாடகம் ஒரு சிக்கலில் வந்து நிற்கும். பார்ப்பவர் எழுந்து வந்து, “நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்” என்று நடித்துக் காட்டுவார். நான் முன்பு சொன்ன அஷ்தார் குழு தங்கள் ஊர்களில் குடும்பம், சமூகம் சார்ந்த சிக்கல்களுக்கு இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. நம் கல்லூரியில் இதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிக்கல் யாருடையதோ அவர்கள் எழுந்து வரும்போதுதான் அந்தப் பாணிக்கு உயிர். குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து போய், சோதனைச் சாவடியில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே வழி சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

தெருநாடகம் பற்றிக் கேட்டாளே, அதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. சஃப்தர் ஹாஷ்மியின் குழுவான டெல்லி ஜன நாட்டிய மஞ்ச்சும் ஜெனின் சுதந்திர அரங்கமும் சேர்ந்து ஒரு நாடகம் செய்து, 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் இந்திய நகரங்கள் சிலவற்றில் போட்டார்கள். பெயர் ‘ஹமேஷா சமிதா’. முதல் சொல் இந்தி, இரண்டாவது அரபு. ‘என்றும் உறுதியாக நிற்பவள்’ என்று பொருள். இந்திய நடிகர்களும் பாலஸ்தீன நடிகர்களும் ஒரே வட்டத்தில் நின்று நடித்தார்கள். நாம் அவர்களுக்காகப் பேசுவது என்ற நிலை மாறி, அவர்களோடு சேர்ந்து பேசுவதாக ஆனது.

கூத்து மாதிரி போடலாமா? கட்டியங்காரன் மாதிரி ஒருவர் வந்து கதைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று கேலி பேசலாம். ஹகவாத்திக்கும் அவனுக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் ராணுவ வீரனுக்கு அரக்கன் ஒப்பனை போட்டு, அடவு கட்டி ஆட விடாதீர்கள். அரக்கன் வந்துவிட்டால் அவனைக் கொன்றால் கதை முடிந்தது என்று ஆகிவிடும். இது வரலாறு, புராணம் இல்லை. கனஃபானியின் மிரியமை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ஓர் அரபுக் குழந்தையைச் சிலர் விறகுபோல வண்டியில் எறிவதைப் பார்த்து, நாஜிகள் கொன்ற தன் தம்பியின் நினைவு வந்து, நாட்டைவிட்டே போய்விட நினைத்தவள் அவள். அந்தக் காட்சியை எழுதிய கனஃபானி ஒரு பாலஸ்தீன இயக்கத்தின் பேச்சாளர். தானே 12 வயதில் அகதியானவர். 1972இல் பெய்ரூட்டில் கார் குண்டில் கொல்லப்பட்டார். அவ்வளவு இழந்தவரால் எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்கு ஒரு மனச்சாட்சி கொடுக்க முடிந்தது. நம்மாலும் முடிய வேண்டும்.

எனவே அந்தப் பிள்ளைக்கு என் யோசனை இது. கதைசொல்லும் பாணியை முதுகெலும்பாக வைத்துக்கொள். ஆறு பேர் போதும். எல்லோரும் முதலிலிருந்து கடைசிவரை மேடையிலேயே இருக்கட்டும். கதைசொல்லி இரண்டே நிமிடத்தில் 1948, 1967, 2023 மூன்றையும் சொல்லிவிடட்டும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டதையும், அதன் பிறகு காஸாவுக்கு நேர்ந்ததையும் இரண்டையுமே சொல்லட்டும். வரலாற்றில் பாதியை மறைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாது. பிறகு மூன்று காட்சிகள். ஓர் அறை, யதார்த்தமாக. ஓர் அலுவலக மேசை, அபத்தமாக. ஒரு கல்யாண வீடு, தப்கே ஆட்டத்தோடு. கல்யாணத்தில் குண்டு விழ வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் சோதனைச் சாவடியில் காத்து நிற்பதால் சாப்பாடு ஆறிப்போகிறது, சமையல்காரர் புலம்புகிறார், அத்தைகள் சண்டை போடுகிறார்கள். அது போதும். இடையிடையே இரண்டு சாட்சி வாசிப்புகள், அழாமல்.

உடையில் கவனம் வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் முக்காடு போட்டுவிடாதே. பாலஸ்தீனரில் முஸ்லிம்களும் உண்டு, கிறித்தவர்களும் உண்டு, முக்காடு போடுகிறவரும் போடாதவரும் உண்டு. தமிழில் பேசட்டும், அரபு மாதிரி இழுத்துப் பேசிக் காட்ட வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு சின்ன ஆசை இருக்கட்டும். சாவதற்காக மட்டும் ஒரு பாத்திரமும் மேடைக்கு வரக் கூடாது.

இவ்வளவு செய்தும் போர் நிற்கப் போவதில்லை. கல்லூரி நாடகத்தால் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் எண்ணிக்கையாகவே கேட்டுப் பழகிவிட்ட மக்களில் ஒருவரை, அவர் பெயரோடும் பிடிவாதத்தோடும் நகைச்சுவையோடும் நம் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் சந்திப்பார்கள். அதன் பிறகு செய்தியில் ‘இன்று 40 பேர்’ என்று வரும்போது அவர்கள் விரல் உடனே அடுத்த செய்திக்குத் தள்ளாது. வரலாற்று ஆசிரியனாக நான் வகுப்பில் தேதிகளைச் சொல்லித்தந்தவன். தேதிகளால் இதைச் செய்ய முடியாது, நாடகத்தால் முடியும்.

நாடகம் போட்டுப் பழகியவர்கள் கீழே எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள். முக்கியமாக, விவாத அரங்கு வேண்டாம் என்று நான் சொன்னதை மறுக்க யாராவது இருந்தால் கேட்க ஆசை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்